ஸ்டெல்லாவுக்காகக் கேட்ட மூன்று நிமிடம்

1

இந்த டிசம்பரோடு நாங்கள் அமெரிக்கா வந்து ஐந்து வருடம் முடிகிறது. மண்ணூரிலிருந்து அக்கா கடிதம் போட்டிருக்கிறாள். பங்குக் கோயில் மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் எழுதி வாங்குகிறார்களாம். அங்கே எப்படி வாழ்கிறாய் என்று நீயும் எழுது என்கிறாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். பனியைப் பற்றியும் பெரிய கட்டிடங்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத ஒன்றுதான் இருக்கிறது. என் மகளைப் பற்றியது. அதை இதுவரை ஊரில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

என் மனைவி தெரேசா என் தாய்மாமன் மகள். நர்ஸ் படித்தவள். நான் மறைமலை நகரில் தகடு அழுத்தும் மெஷினில் ஏழு வருடம் நின்றவன். இந்த நாட்டில் வேலை கிடைத்தது அவளுக்கு. நான் பின்னால் வந்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில், கீழே, துணி வெளுக்கும் இடத்தில் எனக்கும் வேலை. காலை ஆறு மணிக்கு இறங்கினால் இரண்டரைக்கு மேலே வருவேன். நாள் முழுக்க வெள்ளைத் துணி, நீராவி.

எங்களுக்கு ஒரே மகள். ஸ்டெல்லா. ஒன்பது வயது. உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. பத்துப் பதினைந்து சொல் பேசுவாள். வலிப்பும் வரும். வருவதற்கு முன்னால் இடது காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அதுதான் அடையாளம். அதிலிருந்து அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள் அவளைக் கீழே படுக்க வைத்துவிட வேண்டும். காதைப் பார்க்காமல் விட்டால் நின்ற இடத்தில் மரம் மாதிரி விழுவாள். அவள் நெற்றியில் மூன்று தழும்பு இருக்கிறது. மூன்றும் நாங்கள் பார்க்காமல் விட்டது.

2

நம் ஊரில் ஆபீசில் ஒருவர் காகிதம் நீட்டினால், இது என்ன என்று கேட்கமாட்டோம். எங்கே போடணும் சார் என்று கேட்போம். தாலுக்கா ஆபீசிலும் அப்படித்தான், கம்பெனி கேட்டிலும் அப்படித்தான். பெருக்கல் குறி போட்டுக் காட்டுவார்கள். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். படித்துப் பார்த்தால், நம்பவில்லையா என்று கேட்பார்கள்.

போன ஏப்ரலில் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். தெரேசாவுக்கு அன்று டூட்டி. நான் தனியாகப் போனேன். ஒரு பிள்ளைக்காக ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்த முகம். அவர்கள் பேசியதில் புதுக் கட்டிடம் என்பது புரிந்தது, நல்லது என்பது புரிந்தது, பஸ் என்பது புரிந்தது. தலையாட்டினேன். காகிதம் வந்தது. பெருக்கல் குறி இருந்தது. போட்டேன். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தெரேசா அதைப் படித்தாள். கோட்டுகூடக் கழற்றவில்லை.

"மாமா, இது இன்னான்னு கேட்டீங்களா?"

"புது ஸ்கூலாம். நல்லா இருக்குமாம்."

"எங்க கீது அது?"

"சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"மெரட்டுனாங்களா உங்கள?"

"இல்லயே. காப்பி குடுத்தாங்க."

"அப்பறம் ஏன் போட்டீங்க?"

"நீட்டுனாங்க. போட்டேன்."

அவள் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பிறகு படித்துச் சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று மாவட்டத்தின் அந்தக் கடைசியில் ஒரு மையம் கட்டுகிறார்கள். நவம்பர் கடைசியில் வரும் விடுமுறை முடிந்ததும் ஸ்டெல்லா அங்கே போக வேண்டும். நான் சம்மதம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது இருக்கும் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. வகுப்பில் டோனா என்று ஒரு உதவிப் பெண் இருக்கிறாள். என் வயதுதான். ஸ்டெல்லாவின் காது அவளுக்குத் தெரியும். புது மையத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வர ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் இருக்கிற பெரிய ஆள் டிரைவர் ஒருவர்தான். அவர் ரோட்டைப் பார்ப்பாரா, பின்னால் இவள் காதைப் பார்ப்பாரா?

அன்றிலிருந்து எனக்கு ஒரு காட்சி வரும். துணியை இஸ்திரி உருளையில் விடும்போதும் வரும். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டெல்லா காதைப் பிடிக்கிறாள். யாரும் திரும்பவில்லை.

3

இங்கே வந்த புதிதில் ஒரு டாக்டர் கேட்டார். நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொந்தமா என்று. ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. தெரேசாவும் சொல்லவில்லை. ஐந்து வருடமாக அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இல்லை.

பள்ளியில் இன்னொன்று சொன்னார்கள். பிள்ளைக்கு இரண்டு பாஷை பாரம், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். தெரேசாவுக்கு இங்கிலீஷ் வரும். எனக்கு வருவது ஆஸ்பத்திரித் துணிக்கு மட்டும் போதும். பெட்ஷீட், டவல், ஈரம், சூடு. இதை வைத்துக்கொண்டு மகளிடம் என்ன பேசுவது? சொன்னார்களே என்று பயந்து பேச்சைக் குறைத்தேன். பிறகு அவளுக்கு நான் பேசாதவன் என்று பழகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் போவாள். என்னிடம் வந்தால் பக்கத்தில் உட்காருவாள், அவ்வளவுதான். நான் அவள் காதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

4

ஜூன் மாதம் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு மண்ணூர் வந்தேன். லீவுக்கு வந்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. அக்காவிடம் விட்டுவிடலாமா என்று பார்க்க வந்தேன். தெரேசாவுக்கு மனம் இல்லை. "பாத்துட்டு வாங்க. உட்டுட்டு வராதீங்க" என்றாள். ஆனால் அவளிடமும் வேறு வழி இல்லை.

மே மாதம் நம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். நான் வந்தபோது அதன் சூடு அடங்கவில்லை. பூந்தமல்லியில் ஏறின பஸ்ஸை ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறினார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் நின்றார்.

"எங்கேர்ந்து வர்ற?"

"அமெரிக்கா சார்."

"அமெரிக்காவா? லுங்கி கட்டிகினா?"

முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். பாஸ்போர்ட்டை எடுக்கப் போனேன். அவசரத்தில் பை நழுவி விழுந்தது. என் பதற்றத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"கொழந்த யாரு?"

"என் பொண்ணு சார்."

"உன் பேர் இன்னா பாப்பா?"

ஸ்டெல்லா அவர் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேக்கறேன் இல்ல, பேர் சொல்லு."

"சார், அவளுக்குப் பேச வராது சார்."

"நீ சும்மா இருய்யா. அது சொல்லட்டும்."

அப்போது அவள் காதைப் பிடித்தாள். நான் போலீஸ்காரரைத் தள்ளிக்கொண்டு அவளைச் சீட்டுகளுக்கு நடுவே தரையில் படுக்க வைத்தேன். போலீஸ் மேல் கை வைத்துவிட்டோம் என்ற பயம் ஒரு பக்கம். அதற்குள் பஸ் முழுக்க எழுந்துவிட்டது.

"வலிப்பு, வலிப்பு! சாவி குடு யாராச்சும்!"

"தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்!"

போலீஸ்காரர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தார். முட்டி போட்டிருந்தார். கீரைக் கூடையோடு வந்த ஒரு அம்மா, கூடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்டெல்லாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டது. கண்டக்டர் பீடிக்காரர் ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சாவிக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. தெரேசா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். சாவியை அவள் கையிலேயே விட்டேன். வாயில் மட்டும் எதையும் வைக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் கண் திறந்ததும் போலீஸ்காரர் தொப்பியை எடுத்து மாட்டினார். "ஊட்டுக்கு இட்டுகினு போயி படுக்க வைய்யா" என்றார். பாஸ்போர்ட் கேட்கவில்லை. வண்டியை விடச் சொன்னார்.

அந்த பஸ்ஸில் அது என்னவென்று தெரியாத ஒரு ஆள் இல்லை. சாவி தப்பு. ஆனால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

5

அக்கா அவளைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டாள். "உட்டுட்டுப் போடா. நாலு எருமைய மேய்க்கறேன். ஒரு கொழந்தைய பாத்துக்க மாட்டனா?" என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மூன்று நாள் அப்படியே இருந்தேன்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு வள்ளி என்று ஒரு மகள். பதினைந்து வயது. இவளும் ஸ்டெல்லா மாதிரிதான். நான் ஊரை விட்டுப் போனபோது தெருவில் ஓடிக்கொண்டிருப்பாள். இப்போது உள்ளே கட்டில் காலில் கட்டியிருந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பழைய புடவை. மறு முனை கட்டிலில். வள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாக்கியம் அக்கா செங்கல் சூளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"கவுறு போட்டா தோலு உரிஞ்சிடுது. அதான் பொடவ."

"எத்தினி நேரம்கா?"

"காலைல கட்டுனா மதியம் வந்து அவுப்பேன். சோறு குடுத்துட்டு மறுபடியும் கட்டுவேன். அயுவ மாட்டா. உக்காந்துகினே இருப்பா."

நான் அந்தப் புடவை முடிச்சைப் பார்த்தேன். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தது.

"இன்னா பாக்கற? சும்மா உட்டா ஏரிக்குப் போயிடறா. ரோட்டுக்குப் போயிடறா. லாரி போவுது. லாரிய உடு, ஆம்பளைங்க கீறாங்க. வயசுக்கு வந்த பொண்ணு."

"தப்புன்னு சொல்லலக்கா."

"உங்க ஊர்ல இப்டி புள்ளைங்கள இன்னா பண்றாங்க?"

"ஸ்கூல் கீது. பஸ் வரும். வூட்டு வாசலுக்கு."

"யாரு பஸ்ஸு?"

"கவர்மென்ட்டு."

அது தலைமேல் வைத்த சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டது.

"அப்ப நீ இன்னாத்துக்குப்பா இவள இங்க இட்டாந்த?"

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். நீ களைக்குப் போகிற நாளில் ஸ்டெல்லாவை என்ன செய்வாய் என்று. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பாக்கியம் செய்யறாப்புலதான். வேற இன்னா செய்ய?" என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பாக்கியம் அக்காவும் கெட்ட தாய் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நல்லவர்கள் கையிலும் அவளுக்கு அந்தக் கட்டில்தான்.

திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

6

இனி எழுதப் போவது நம் பக்கத்தில் இப்படிப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. கவனமாகப் படியுங்கள்.

இந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கென்று மட்டும். அதில் இருப்பவர்கள் மந்திரிகள் இல்லை. இப்படிப் பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி இருப்பாள். கண் தெரியாதவர் ஒருவர் இருப்பார். வாத்தியார் இருப்பார், காலேஜில் சொல்லிக்கொடுப்பவர் இருப்பார். சில மாதங்களுக்கு ஒரு தடவை கூடுவார்கள். மாநிலக் கல்வி இலாகா ஏதாவது விதி போட நினைத்தால் இவர்கள் நல்லது கெட்டது சொல்வார்கள். எது கிடைக்கவில்லை, எந்தப் பிள்ளை விட்டுப்போகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பேர் கொடுத்தால் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

இதைச் சொன்னது டோனா. தெரேசா விசாரித்து வந்து என்னிடம் சொன்னாள்.

"அவங்க உத்தரவு போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. சொல்லுவாங்க. எழுதுவாங்க. அவ்ளோதான். கையில தடி கெடையாது, வாய் மட்டும்தான்."

"அப்ப அவங்க கிட்ட போயி இன்னா ஆவும்?"

"நம்ம கிட்ட அந்த வாயும் இல்லியே மாமா."

எனக்குப் போக மனம் இல்லை. மறைமலை நகரில் எங்கள் பட்டறையில் குறை கேட்க ஒரு குழு வைத்தார்கள். தைரியமாகச் சொல்லுங்கள் என்றார்கள். என் பக்கத்து மெஷினில் நின்றவர் எழுந்து, கை போகாமல் இருக்க மெஷினுக்கு மறைப்பு வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பதினைந்தாம் நாள் கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குறையே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பேசினால் ஸ்டெல்லாவை எந்தப் பள்ளியிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? தெரேசாவின் வேலைக்குத் தொந்தரவு வந்தால்? எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால்? திருப்பி அனுப்பினால் எங்கே போய் நிற்போம் என்று நான் ஜூனில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"நானே பேசறேன்" என்றாள் தெரேசா. அவளுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நான்தான் போயிருப்பேன். கையெழுத்து என்னுடையது.

7

அக்டோபரில் கூட்டம். டோனா தன் காரில் கூட்டிப்போனாள். ஸ்டெல்லாவும் வந்தாள். நீ பேசமாட்டாயா என்று டோனாவைக் கேட்டேன். கழுத்தைக் கைவிரலால் அறுத்துக் காட்டினாள். வேலை போய்விடும் என்று அர்த்தம். கடைசி வரிசையில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்டெல்லாவோடு உட்கார்ந்தாள். இங்கேயும் அந்தப் பயம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தெரேசா நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தாள். இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்தில். ஆனால் எனக்கு அது மொட்டையாகப் பட்டது. ஸ்ரீபெரும்புதூர் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், எடுத்ததும் விஷயத்தைப் போடமாட்டார். ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று வணக்கம் வைப்பார். ஐயா செய்த நன்மைகளைச் சொல்வார். கடைசியில்தான் குறை. பெரியவர்கள் முன்னால் போய் எடுத்ததும் குறை சொல்வது மரியாதையா?

பேர் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். மேசையில் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தது. கும்பிட்டேன். ஒவ்வொருவர் முன்னாலும் பேர் எழுதிய அட்டை இருந்தது. ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னேன். பிறகு பள்ளிக்கு நன்றி. தலைமை ஆசிரியைக்கு நன்றி. ஸ்டெல்லாவுக்குச் சாப்பாடு போடுகிற அம்மாவுக்கு நன்றி. இந்த நாட்டுக்கு நன்றி. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எனக்கு வரும். மஞ்சள் எரிந்தது. இன்னும் டாக்டருக்குச் சொல்லவில்லையே என்று அவருக்கும் நன்றி சொன்னேன். சிவப்பு எரிந்தது. மணி அடித்தது.

குழுவின் தலைவி அம்மாள் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒருவர் கை தட்டினார். நன்றி சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்த மனிதர் என்று நினைத்துவிட்டார்கள்.

விஷயம் இன்னும் கையில் இருந்தது. நாலு வரியும் படிக்காமல் இருந்தது. இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்துவிட்டது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் டோனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த பேர் கூப்பிட்டார்கள். ஆள் கனமானவர். விவசாயி மாதிரி தொப்பி. எழுந்து வந்தவர் என் கைக் காகிதத்தைப் பார்த்தார். என் தோளில் கை வைத்து நிறுத்தினார். குழுவைப் பார்த்து அவர் சொன்னது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. டோனா பிறகு சொன்னாள். "இவர் கையில் இருப்பதை இன்னும் படிக்கவில்லை. என் மூன்று நிமிடத்தை இவருக்குக் கொடுக்கிறேன்" என்றாராம்.

தலைவி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். குழுவில் இருந்த கண் தெரியாதவர், "படிக்கட்டும்" என்றார்.

படித்தேன். என் மகளுக்கு வலிப்பு வரும். வருமுன் இடது காதைப் பிடிப்பாள். புதுப் பள்ளிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்தப் பஸ்ஸில் அவள் காதைப் பார்க்க யாரும் இல்லை.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. காகிதத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டது நான். என்னவென்று கேட்காமல் போட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. குழுவில் ஒரு தாய் கேட்டார், அந்தக் காகிதத்தில் இருந்ததை உங்கள் பாஷையில் யாராவது சொன்னார்களா என்று. இல்லை என்றேன். எழுதிக்கொண்டார். கண் தெரியாதவர் இலாகா அதிகாரி பக்கம் திரும்பினார். இந்த மாநிலத்தில் இப்படி வலிப்பு உள்ள எத்தனை பிள்ளைகள் துணையில்லாமல் நீண்ட தூரப் பஸ்ஸில் போகிறார்கள் என்று கேட்டார். எங்களிடம் கணக்கு இல்லை என்றார் அதிகாரி. "எடுங்கள்" என்றார் இவர். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தலைவி அம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். உங்கள் மகளின் பஸ்ஸை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பள்ளியில் மறுபடி ஒரு கூட்டம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்கலாம்.

போட்ட பிறகும் கேட்கலாம் என்பது எனக்குப் புதிது.

வெளியே வந்து அந்த விவசாயியைத் தேடினேன். அவர் தன் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். உங்கள் விஷயம் என்ன என்று கேட்டேன். மகன் என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து என்று விரலைக் காட்டினார். அவர் பேர் எனக்குத் தெரியாது. அவர் மகனுக்கு என்ன குறை என்றும் தெரியாது. அந்த மூன்று மாதத்தை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

8

எழுதிக் கேட்டோம். நவம்பரில் பள்ளியில் மறுபடி கூட்டம் போட்டார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. தெரேசாவும் வந்தாள். இங்கே இருக்கிற வகுப்பை மூடுகிறார்கள், அதனால் ஸ்டெல்லா புது மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அதை மாற்ற முடியவில்லை. ஆனால் பஸ்ஸில் ஒரு துணைப் பெண் வருவாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுவிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. நான் சொன்னதை அறிக்கையில் சேர்த்திருக்கிறார்களாம். இலாகா என்ன செய்யும் என்று அதில் இல்லை.

முதல் நாள். காலை ஆறே முக்கால். பனி பெய்துகொண்டிருந்தது. நான் வேலைக்கு நேரம் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தேன். மஞ்சள் பஸ் வந்தது. உள்ளே ஏற்கனவே இரண்டு பிள்ளைகள். துணைப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள் என்றாள். அவள் கையில் ஸ்டெல்லாவின் காகிதம் இருந்தது. படித்துவிட்டேன், வலிப்பு வரும் என்று தெரியும் என்றாள். காது என்றேன். ஆமாம், காது என்றாள். ஆனால் அவள் பார்த்தது என் முகத்தை. பயந்திருந்தாள். நான் பயப்படுவது போலவே.

என்னிடம் மேலே சொல்ல இங்கிலீஷ் இல்லை. ஸ்டெல்லா ஏறிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் ஏதோ சொன்னார். என் இடது காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சீட்டுகளுக்கு நடுவே படுத்தேன். ரப்பர் தரை, பூட்ஸ் பனி கரைந்து ஈரம். கையையும் காலையும் விறைத்தேன். தாடையை இறுக்கினேன். உதறினேன். இத்தனை வருடமாகப் பார்த்தது. எனக்கு எல்லாம் தெரியும்.

ஸ்டெல்லா சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். அவள் வலிப்பை வெளியிலிருந்து பார்த்ததில்லை. என் பக்கத்தில் முட்டி போட்டாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலைக்கு அடியில் தள்ளினாள். என் தாடையைப் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள். நாங்கள் அவளுக்குச் செய்வது போலவே. வலிப்பின்போது அவளுக்கு நினைவு இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"அப்பா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

துணைப் பெண் வந்து குனிந்தாள். ஸ்டெல்லாவின் கை என் தாடையில் எங்கே இருந்ததோ, அங்கே தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

நேரமாகிவிட்டது என்றார் டிரைவர். எழுந்து இறங்கினேன்.

இன்றோடு ஒன்பது நாள். பஸ்ஸில் அவளுக்கு இன்னும் வலிப்பு வரவில்லை. வரும்.